வாஷர் வீட்டின் ஒன்பது அறைகள்

வாஷர் குடியிருந்த வீட்டில் அறை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கும் கொல்லைக்குமாக ஒன்பது ஸ்பானிஷ் பெயர் எழுதி ஒட்டி வைத்திருந்தாள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால் ‘சாலா’, அதாவது கூடம். நாலு எட்டு நடந்தால் அடுப்பு. அங்கே ‘கொசினா’, சமையலறை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சீட்டுகள். மேலே ‘தோர்மிதோரியோ’, படுக்கையறை. கீழே ‘கொமெதோர்’, சாப்பிடும் அறை. படுக்கையை விரித்தால் முன்னது. சுருட்டி வைத்துவிட்டுத் தட்டைப் போட்டால் பின்னது. வீட்டின் மறுபாதியைப் பைப்புத் துண்டுகளும் கழற்றிப் போட்ட பழைய குழாய்களும் பிடித்துக்கொண்டுவிட்டதால், தின்பது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாமே அந்த அடுப்போரத்தில்தான். ஸ்டூல் கிடந்த மூலை ‘தெஸ்பாச்சோ’, எழுதிப் படிக்கும் அறை. சைக்கிள் சாய்ந்திருந்த இடம் ‘கராஹே’, வண்டிக் கொட்டகை. ஜன்னல் திட்டு ‘பல்கோன்’, பால்கனி. சைக்கிளுக்கும் பைப்புக் குவியலுக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கிற சந்துக்கு ‘பசீயோ’ என்று பெயர், நடைபாதையாம். மூன்று குடும்பம் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்ட கொல்லைக் குளியலறைக் கதவில் ‘பான்யோ’. மாளிகைக்காரனுக்குக்கூட இத்தனை பெயர் சொல்லிக்கொள்ள வீடு இருந்திருக்காது.

வாஷர் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆள் ஒல்லி, உயரமும் கம்மி. "இவ சின்னதுதான், ஆனா இவ இல்லேன்னா எந்தக் குழாயும் ஒழுகும்" என்று கணவன் ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். கேலியா பெருமையா என்று யாரும் விசாரிக்கவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது.

கணவன் ப்ளம்பர். நல்ல கைக்காரன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும்போது ஏணி நழுவியது. வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்தது. டம்ளரைப் பிடிக்க அந்தக் கை போதும், ஸ்பேனரைத் திருப்பப் போதாது. அப்போது அவன் தொழிற்சாலைக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மாடி, அறுபது வீடு. வேலை போய்விடக் கூடாதே என்று வாஷர் கூடப் போனாள். முதல் மாதம் பையைத் தூக்கினாள். இரண்டாம் மாதம் அவன் சொல்லச் சொல்லத் திருகினாள். ஒரு வருடத்தில் அவன் சொல்வதற்கு முன்பே திருகினாள். அதற்கப்புறம் அவன் ஓரமாக நின்று வீட்டுக்காரர்களோடு வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். வேலை நடந்தது.

ஆனால் குடியிருப்புக்குள் நுழைய அட்டை வேண்டும். அட்டையில் அவன் படம். அவன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘துணை: ஒருவர்’. அந்த ஒருவர்தான் வாஷர். வாசல் காவலாளி தினமும் பார்க்கிற முகம் என்றாலும் தினமும் கேட்பார், அது அவர் வேலை.

"யாரு?"

"ப்ளம்பர்," என்பான் கணவன்.

"இவங்க?"

"துணை."

ஒன்பது வருடம். அறுபது வீட்டின் வால்வும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள், காலை தவறாமல் துணை என்று தன்னைச் சொல்லக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கோபம் வராமலா இருக்கும்? வந்தது. ஆனால் சொல்கிறவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

பிறகு தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்கள் வந்தன. அவற்றை நிறுவுவதற்கு ஸ்பானிஷ் பேசுகிற பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து பாதி வீடுகளில் குடியேறினார்கள். மூன்று வருடம் இருப்பார்களாம்.

அவர்கள் வந்த புதிதில் கணவனுக்குக் காய்ச்சல். அட்டைக்காரன் இல்லாமல் துணையைத் தனியாக உள்ளே விட மாட்டார்கள். மூன்றாம் மாடியில் குழாய் உடைந்திருக்கிறது என்று அவசரமாகக் கூப்பிட்டபோது, ப்ளம்பர் ஒருவருக்கு மட்டும் ஒருநாள் அனுமதி கிடைத்ததால், கணவன் தன் தம்பியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கொழுந்தனும் ப்ளம்பர்தான், வெளியே கட்டட வேலை பார்ப்பவன். வாய் கொஞ்சம் நீளம். அங்கே தலைமைப் பொறியாளரின் மனைவி, குளியலறை வாசலில் நின்று "சியெர்ரா, சியெர்ரா" என்று கத்தினாள். மூடு, மூடு என்று அர்த்தம். இவனோ, அவள் தன்னை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நன்றாகத் திறந்தான். தண்ணீர் நடைபாதையைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போய், அவர்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளத்தை மிதக்க விட்டது.

அதற்கு மறுவாரம்தான் மேலாளர் புதுச் சட்டம் போட்டார். குடியிருப்புக்கு இனி ஒரே ஒரு ப்ளம்பர். அவர் அந்த மொழியில் அறுபது வார்த்தை தெரிந்தவராக இருக்க வேண்டும். வீட்டின் அறைகள், குளியலறைச் சாமான்கள், திற, மூடு, சூடு, குளிர். மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அறைப் பெயர் ஒன்பதில் ஒன்று தப்பினாலும் ஆள் தள்ளுபடி. போனில் கூப்பிட்டு இன்ன அறையில் ஒழுகுகிறது என்றால் அந்த அறைக்குப் போகத் தெரிய வேண்டும் அல்லவா?

கணவன் அந்தத் தாளை வாங்கி வந்து ஸ்டூல்மேல் வைத்தான்.

"இந்த வயசுல எனக்கு இது ஏறாது. தம்பி எழுதறேங்கறான். அவன் பேர்ல அட்டை வந்தாலும் வேலை நம்ம வேலைதான். நீ அவன்கூடப் போ."

அன்று மாலை கொழுந்தனே வந்தான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவன் குரலில் சொன்னான்.

"கவலைப்படாதீங்க அண்ணி. நான் வாசல்ல காட்டறேன், நீங்க உள்ள பாருங்க. எப்பவும் போலத்தான். துணைன்னு போட்டுக்கலாம்."

வாஷர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கம்பளத்த மிதக்க விட்டது யாரு தம்பி?"

"அது பாஷை தெரியாம நடந்தது."

"தண்ணி வந்தா மூடறதுக்குப் பாஷை எதுக்கு? அந்த அறுபதையும் நானே படிக்கறேன். என் படம் போட்ட அட்டையோடதான் இனி அந்த வாசல்ல நுழைவேன். இல்லேன்னா நுழையவே மாட்டேன்."

கொழுந்தன் சிரித்தான். கணவன் சிரிக்கவில்லை. அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. அட்டை அங்கேதான் இருந்தது.

வாஷர் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள், ஆனால் தாளைப் பார்த்து மனப்பாடம் செய்வது அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பொருளைத் தொட்டால்தான் விஷயம் மண்டையில் இறங்கும். ஆகவே வழக்கமாக என்ன செய்வாளோ அதையே செய்தாள். புதுக் கட்டடத்தில் எந்த வால்வு எந்தக் குழாயுடையது என்று டேப்பு ஒட்டி எழுதி வைப்பதில்லையா, அதைப்போல வீட்டையே எழுதினாள். போனில் ஒரு பெண் குரல் வார்த்தைகளைச் சொல்லித்தரும். அதற்குப் போனம்மா என்று பெயர் வைத்தாள். போனம்மா சொல்வதைக் காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் டேப்பில் எழுதி, அந்தப் பொருளின்மேல் ஒட்டினாள்.

ஜன்னல் ‘வெந்தானா’ என்று வந்தது. "என்னது, வெந்தானா வேகலையான்னா கேக்கறா?" என்று கணவன் முனகினான். மேசைக்கு ‘மேசா’ என்று போனம்மா சொன்னபோது வாஷர் மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"இது நம்மளோடதுங்க. எவனோ மேசையைத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"நம்ம வீட்ல மேசை எங்க இருக்கு தூக்கிட்டுப் போக?"

"அதான் சொல்றேன், போயிடுச்சுன்னு."

குளியலறைச் சாமான்களுக்குத்தான் பெரிய தேடல். கொல்லையில் ஒரு குழாயும் ஒரு வாளியும்தான் இருந்தன. ஆனால் ப்ளம்பர் வீட்டுக் குவியலில் என்ன இல்லை? விளிம்பு உடைந்த வாஷ்பேசினை வெளியே எடுத்துச் சுவரோரம் நிறுத்தி ‘லவாபோ’ என்று எழுதினாள். பழைய ஷவர் தலையை ஆணியில் மாட்டி ‘தூச்சா’. மூடி இல்லாத ஃப்ளஷ் தொட்டி ‘சிஸ்தெர்னா’. கொல்லைக் குழாயே ‘கிரிஃபோ’. தண்ணீர் போகிற ஓட்டை ‘தெசாக்வே’. கணவன் சவரம் செய்கிற கண்ணாடியில் ‘எஸ்பேஹோ’. எல்லாம் கிடைத்தது, குளியல் தொட்டி மட்டும் கிடைக்கவில்லை. பாத்டப்பை யார் பழைய சாமான் என்று கழித்துக் கட்டுவார்கள்? துணி துவைக்கிற தரையில் சுண்ணக்கட்டியால் ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டியை வரைந்தாள். நடுவில் ‘பன்யேரா’ என்று எழுதி, உள்ளே இறங்கி உட்கார்ந்து, விளிம்பைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்ன வாஷர், கோட்டுக்குள்ள குளிக்கறியா?"

"ஆமா. நீ கோட்ட மிதிக்காமப் போ, தண்ணி தெறிக்கும்."

பக்கத்து வீட்டுக்காரி ஏதோ முணுமுணுத்தாள். ஆனால் சுற்றிக்கொண்டுதான் போனாள். மறுநாளும் அப்படியே போனாள். அந்த மாதம் முழுக்க மூன்று குடும்பமும் இல்லாத ஒரு தொட்டியைச் சுற்றி நடந்தது.

கணவன்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் சாப்பிடும்போது, அதாவது கொமெதோரில், அவள் நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு என்ன கோவம்? சொல்லிடுங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உனக்குப் புது அட்டை குடுத்தா என்னோடத வாங்கிக்குவாங்க."

"ஆமா."

"அப்புறம் நான் யாரு?"

இரக்கப்பட்டாள், ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். "பாவமாத்தான் இருக்கு. ஆனா இத்தன நாள் நான் யாருன்னு நீங்க கேக்கலையே."

அவன் கையைக் கழுவ எழுந்து போனான். அந்த வாரம் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவன் முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பாமலே சொன்னான்.

"எஸ்பேஹோவத் தள்ளி மாட்டு. வெளிச்சம் விழல."

வாஷர் கண்ணாடியைத் தள்ளி மாட்டினாள். சுவரெல்லாம் எழுத்தாக இருக்கிற வீட்டில் குடியிருப்பவன் எத்தனை நாளைக்குத்தான் படிக்காமல் இருப்பான்?

தேர்வு மேலாளர் அறையில் நடந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி. மேலாளருக்குப் பக்கத்தில் தலைமைப் பொறியாளரின் மனைவி, கம்பளத்தைப் பறிகொடுத்த அதே அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலாளருக்கு அவள் மொழி சுமாராகத் தெரியும், இருபக்கமும் அவரே மொழிபெயர்த்தார்.

முதலில் கொழுந்தன். தாளை வாய்ப்பாடு போல உருப்போட்டிருந்தான். மேலாளர் தமிழில் கேட்கக் கேட்க, மேசைக்குக் கீழே விரல் மடக்கி எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னான். இரண்டு மூன்றுதான் தவறியது. அறைகள் ஒன்பதும் சரி.

அடுத்து வாஷர். மேலாளர் கேட்டார்.

"குளியல் தொட்டி?"

அவள் மனசுக்குள் வீட்டுக் கதவைத் திறந்தாள். சாலாவைக் கடந்து, பசீயோவில் ஒருக்களித்து, கொல்லைக் கதவைத் தள்ளி, சுண்ணக்கட்டிக் கோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மேலாளர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"கண்ணாடி?"

திரும்பவும் வாசலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் மூன்றாவது கேள்வி. நாலாவது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

"சரிம்மா. பரவாயில்ல, நீங்க போகலாம்," என்றார் மேலாளர்.

வாஷர் எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை.

"சார், குழாய் இங்கயா இருக்கு?"

"என்னம்மா?"

"குழாய் இருக்கற இடத்துல வந்து கேளுங்க. நான் வேலை செய்யப்போறது மேசை முன்னாடி இல்ல. எனக்கு எல்லாம் தெரியும். பொருள் எதிர்ல இருந்தா சொல்வேன்."

கதவோரம் நின்ற கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் நேராத்தான் இருக்கு தம்பி. குழாய்தான் இங்க இல்ல."

மேலாளர் கையை அசைத்து முடித்துவிடப் பார்த்தார். ஆனால் அந்த அம்மாள் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி வாஷரை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து, சாவிக் கொத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு இன்னும் காலியாக இருந்தது. நாலு பேரும் அங்கே போனார்கள்.

குளியலறைக்குள் கால் வைத்ததும் வாஷருக்கு மூச்சு சீரானது. அம்மாள் தன் மொழியில் ஒரு வார்த்தையைச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் வாஷரின் உள்ளங்கை அந்தப் பொருளின்மேல் இருக்கும். லவாபோ. சிஸ்தெர்னா. தெசாக்வே என்றபோது மண்டியிட்டு, ஓட்டையின் வலையில் இருந்த சிமெண்டுத் துணுக்கைக்கூட நகத்தால் எடுத்துப் போட்டாள். அம்மாள் நிறுத்தியதும் தானாகவே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் குளியல் தொட்டி. நிஜத் தொட்டி, வெள்ளை வெளேரென்று. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "பன்யேரா" என்றாள். கோட்டைவிட உயரமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே வார்த்தைகளைக் கொழுந்தனிடம் கேட்டபோது அவன் திணறிப்போனான். தமிழில் கேட்டால்தான் அவனுக்கு விடை வரும். அந்த மொழியில் கேட்டால் பட்டியலை முதலிலிருந்து வாய்க்குள் ஓட்டிக்கொண்டு வந்து, அந்த வார்த்தை வருகிற இடத்தில் நின்று, அப்புறம் சுற்றுமுற்றும் தேடினான். ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்தது அறைகள். காலி வீடு, கட்டிலும் இல்லை மேசையும் இல்லை. நுழைந்ததும் சாலா. சரி. நடை பசீயோ, சரி. அடுப்பு மேடை கொசினா, சரி. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. வாஷர் அதன் நடுவில் போய் நின்றாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் கண்ணில் பட்டது. தன் வீட்டில் அந்த இடத்தில் ஒட்டியிருந்த மேல் சீட்டுதான் முதலில் நாக்குக்கு வந்தது.

"தோர்மிதோரியோ."

"தப்பு," என்றார் மேலாளர். "இது சாப்பிடற அறை. படுக்கையறை அந்தப் பக்கம்."

கொழுந்தன் நெடுமூச்சு விட்டான். ஒன்பதில் ஒன்று தப்பினாலும் தள்ளுபடி. மேலாளர் தாளில் கோடு போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

"எங்க வீட்ல அடுப்புப் பக்கந்தான் படுக்கறோம் சார்," என்றாள் வாஷர். "தட்டு வெச்சா சாப்பிடற அறை, தலகாணி போட்டா படுக்கற அறை. இங்க ரெண்டுமே இல்ல. காலி அறைக்கு யார் சார் பேர் வெச்சது? குடிவர்றவங்க இங்க கட்டில் போட்டா உங்க தாள் என்ன செய்யும்?"

"அப்படின்னா ஒரு அவசரத்துக்கு நீங்க தப்பான அறைக்கில்ல போவீங்க?"

அம்மாள் குறுக்கிட்டு என்ன என்றாள். மேலாளர் மொழிபெயர்த்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரிப்பே இல்லாமல், நேராக வாஷரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். மேலாளர் தமிழில் சொன்னார்: "தோர்மிதோரியோவுல தண்ணி வருதுன்னு போன் வருது. எந்த அறைக்குப் போவீங்கன்னு கேக்கறாங்க."

"எந்த அறைக்கும் போகமாட்டேன்," என்றாள் வாஷர்.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் திரும்பிப் போனாள். கதவை விலக்கினாள். அந்தக் கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு தகட்டு மூடி இருந்தது. மேலாளர் அதை அதுவரை பார்த்ததில்லை. கொழுந்தனும் பார்த்ததில்லை. மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, வீடு முழுவதற்குமான வால்வைப் பிடித்து வலப்பக்கம் திருகினாள். குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அதுவரை அது சொட்டிக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் மற்றவர்களுக்குக் காதில் விழுந்தது.

"சியெர்ரா," என்றாள் வாஷர். "மொதல்ல இது. அப்புறம் எந்த அறைன்னு நிதானமாக் கேட்டுக்கலாம். தப்பான அறைக்குப் போனாலும் கம்பளம் நனையாது."

மேலாளர் இதை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குத் தேவையான வார்த்தை அவள் மொழியிலேயே வந்துவிட்டது. அன்றைக்குத் தன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திய வார்த்தை. மேலாளர் கையிலிருந்த தாளை வாங்கி, அவர் போடவிருந்த கோட்டுக்கு இடமில்லாமல் குறுக்கே பெரிதாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

கீழே வந்ததும் மேலாளர் அட்டைப் படிவத்தை எடுத்தார். சட்டமென்றால் சட்டம், ஆனால் பழக்கம் விடாது.

"உங்க வீட்டுக்காரர் அட்டையவே வெச்சுக்கலாமே. துணைங்கற இடத்துல தேர்ச்சின்னு ஒரு முத்திரை அடிச்சுடறேன். அவருக்கும் சங்கடம் இருக்காது."

"வேண்டாம் சார். என் படம்."

"அப்ப அவரோடது ரத்தாகும்மா. அவரே கொண்டுவந்து குடுக்கணும்."

"குடுப்பார்," என்றாள். குடுப்பாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது கணவன் கொல்லையில் இருந்தான். அழிந்துபோயிருந்த சுண்ணக்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். தோர்மிதோரியோ கதையைக் கேட்டபோது வாய் ஓரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அட்டைக் கதையைக் கேட்டபோது போய்விட்டது. பையிலிருந்து அட்டையை எடுத்தான். ஓரமெல்லாம் பிரிந்திருந்தது, படத்தில் அவன் இளமையாக இருந்தான்.

"மெயின் வால்வு சமையலறைக் கதவுக்குப் பின்னாலன்னு யாரு உனக்குச் சொன்னது?"

"நீங்கதான். மொத வருஷம்."

அவன் தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை வாஷர் கிளம்பியபோது அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். கருவிப் பையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் அவன் இடது கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அலுவலகத்தில் பழைய அட்டையை மேலாளர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். அவள் புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படத்தில் முறைத்துக்கொண்டிருந்தாள், படம் பிடித்தவன் சிரிக்கச் சொன்னதற்காக.

குடியிருப்பு வாசலில் காவலாளி வழக்கம்போல எழுந்தார். பழக்கத்தில் கணவனைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு?"

வாஷர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"ப்ளம்பர்."

காவலாளி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அட்டையில் கீழ் வரியைப் படித்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பையோடு நின்றவனைப் பார்த்தார். ஒன்பது வருடப் பழக்கம், அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இவரு?"

வாஷர் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை. அந்த வார்த்தையை அவனைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அவன் சொன்னான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தபடி, காவலாளியின் கண்ணைப் பார்த்து.

"துணை."

காவலாளி கதவைத் திறந்தார்.